சொர்ணத்தின் பெயரைத் திருடர் பட்டியலில் போட்டார்கள்

சொர்ணத்தின் பெயரைத் திருடர் பட்டியலில் போட்டவர்கள் ஜெகதாப்பட்டினத்துக்கு ஒருநாள் வந்து பார்த்திருந்தால் அந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார்கள். வரவில்லை. எங்கேயோ ஏசி அறையில் இருக்கிற ஒரு மிஷின் அவளைத் திருடி என்றது. அவர்களும் ஆமாம் என்று எழுதி உலகம் பார்க்க ஒட்டிவிட்டார்கள். இப்போது நினைத்தாலும் எனக்குக் காது சூடாகிறது.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். ஆனால் பதினான்கு வயதில் செருப்பில்லாத காலோடு அறந்தாங்கியிலிருந்து இங்கே வந்து, தோளில் சாக்கைப் போட்டு ஐஸ் பார் சுமந்தவன் இன்றைக்கு அதே துறைமுகத்தில் சொந்த ஐஸ் பிளாண்ட் வைத்திருக்கிறேன். அடைக்கலம் ஐஸ் என்றால் மீமிசல் வரைக்கும் தெரியும். எனக்கு யாரும் கைகொடுக்கவில்லை, நானும் யாருக்கும் கைகட்டவில்லை. அதனால் இதை எழுதவும் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

சொர்ணத்துக்கு வயது நாற்பத்தாறு. புருஷன் கத்தாரில் கிரேன் ஓட்டுகிறார். அவள் இங்கே கரையில் கூறு போடுகிறாள். வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது, சொல்கிறேன். விசைப்படகு கரைக்கு வந்ததும் இறாலும் பெரிய மீனும் ஏலத்துக்குப் போய்விடும். மிச்சம் கிடப்பது காரல், பொடி நண்டு, நாலைந்து கணவாய், கிழிந்த ஒரு திருக்கை. அது படகில் போன ஆட்கள் வீட்டுக்கு எடுத்துப்போகும் குழம்பு மீன். லட்ச ரூபாய் ஏலத்தில் வராத சண்டை இந்தக் குழம்பு மீனில் வரும். ஒருத்தனுக்கு இரண்டு கணவாய் போய் இன்னொருத்தனுக்கு ஒன்றுகூட வரவில்லை என்றால் அடுத்த வாரம் இரண்டு பேரும் ஒரே வலையை இழுக்க மாட்டார்கள்.

அங்கேதான் சொர்ணம் வேண்டும். அவள் குத்தவைத்து உட்கார்ந்து, ஏழு ஆள் என்றால் ஏழு கூறு வைப்பாள். தராசு கிடையாது. கண்தான். இதில் ஒரு நண்டை எடுத்து அதில் போடுவாள், அதிலிருந்து நாலு காரலைத் தள்ளுவாள். வைத்து முடித்தால் எந்தக் கூறு பெரிது என்று நீங்கள் நாள் முழுக்கப் பார்த்தாலும் சொல்ல முடியாது. பிறகு ஒரு ஆள் முதுகைக் காட்டித் திரும்பி நிற்க வேண்டும். சொர்ணம் ஒரு கூறைத் தொட்டு, "இது யாருக்கு?" என்பாள். திரும்பி நிற்பவன் ஒரு பெயர் சொல்வான். அந்தக் கூறு அந்தப் பெயர்க்காரனுக்கு. எல்லாம் முடிந்ததும் அவரவர் கூறிலிருந்து ஒரு மீனை எடுத்து அவள் கூடையில் போடுவார்கள். அதுதான் அவள் கூலி. இருபத்தெட்டு வருடமாக இந்தக் கரையில் அவள் கை சுத்தம் என்பதில் இரண்டு பேச்சு இல்லை. அந்தப் பேச்சு வந்துவிட்டால் அவளுக்கு வேலையும் இல்லை.

இனி ஆட்டத்துக்கு வருகிறேன். வெர்மோரா என்று பெயர். செல்போனில் ஆடுவது. பூதம், மந்திரவாதி, பறக்கிற பல்லி என்று ஒரு பெரிய ராஜ்ஜியம். அதற்குள் ஒரே நேரத்தில் லட்சம் பேர் உலாவுவார்கள். ஆளுக்கொரு வேஷம். ஒருவன் கேடயம் பிடித்து முன்னால் நின்று அடி வாங்குவான். ஒருவன் தூரத்தில் நின்று தீ எறிவான். ஒருவர் அடிபட்டவர்களுக்கு உயிர் ஏற்றிக்கொண்டே இருப்பார். எட்டுப் பேர் சேர்ந்தால்தான் ஒரு பெரிய மிருகத்தைச் சாய்க்க முடியும். சாய்த்தால் வாள், கவசம், கல், தோல் என்று சாமான் கொட்டும். கடலில் மீன்பாடு என்கிறோமே, அதுபோல இதையும் நாங்கள் பாடு என்போம்.

மூன்று வருடத்துக்கு முன் மீன்பிடித் தடைக்காலத்தில் பிளாண்ட் மூடிக் கிடந்தது. எனக்கு முழங்காலில் ஆபரேஷன். அறுபத்தோரு நாள் நான் சும்மா படுத்திருக்கிற ஆளா? மூக்கன் என்று ஒரு விசைப்படகு டிரைவர், என்னிடம் ஐஸ் எடுப்பவன், இந்த ஆட்டத்தைப் போனில் ஏற்றிக் கொடுத்தான். கேடயக்காரன் வேஷத்தை நானே தேர்ந்தெடுத்தேன். வாழ்க்கையிலும் அதுதானே செய்திருக்கிறேன். இன்றைக்கு எண்பத்திரண்டாம் நிலையில் இருக்கிறேன். அந்த ஆட்டத்துக்காரன் கடையில் காசு கொடுத்து ஒரு கவசம்கூட வாங்கியதில்லை. காசு கொடுத்து வாங்கி மாட்டிக்கொண்டு வந்து, என்னைப் பார்த்து, "தாத்தா, ஓரமாப் போங்க" என்று எழுதுகிற பயல்களை நான் மனிதனாகவே மதிப்பதில்லை.

என் காலை விசாரிக்க வந்த சொர்ணம் போனை எட்டிப் பார்த்தாள்.

"என்னண்ணே, ஓணானப் போட்டு அடிச்சுக்கிட்டிருக்கீங்க?"

"அது ஓணான் இல்ல. ராட்சசப் பல்லி. நீ பேசாம இரு."

நான் செத்தேன். மறுபடி போனேன். மறுபடி செத்தேன். மூன்றாவது தடவை செத்ததும் அவள் சொன்னாள்:

"நீங்க தலையவே பாத்துக்கிட்டு நிக்கிறீங்க. அது அடிக்கிறதுக்கு முன்னாடி வால இந்தப் பக்கமா ஒரு தடவ நெளிக்கிது பாருங்க. வால் நெளிஞ்சா நீங்க அங்கிட்டுப் போயிறணும்."

புதிதாக ஆட வருகிறவர்களுக்கு இதையே நானும் சொல்கிறேன். எந்த மிருகமாக இருந்தாலும் வாயைப் பார்க்காதீர்கள், வாலைப் பாருங்கள். தரையில் சிவப்பு வட்டம் விழுந்தால் சாமானை விட்டுவிட்டு ஓடுங்கள். உயிர் ஏற்றுகிறவரை நடுவில் வைத்துக்கொள்ளுங்கள், அவர் செத்தால் எல்லாரும் செத்தீர்கள். இதைச் சொல்லிக் கொடுக்க ஆள் இல்லாமல் எத்தனை பேர் ஆட்டத்தையே விட்டுவிட்டுப் போகிறார்கள்!

அடுத்த வாரம் சொர்ணமும் ஒரு வேஷம் எடுத்தாள். உயிர் ஏற்றுகிற வேஷம். எல்லாரும் அதில் இருட்டுச் சூரன், நெருப்பு நாகம் என்று பெயர் வைத்துக்கொள்வார்கள். அவள் 'ஜெகதை சொர்ணம்' என்று வைத்தாள்.

"அக்கா, சொந்தப் பேரயும் ஊரயும் யாராச்சும் வைப்பாங்களா?" என்று மூக்கன் சிரித்தான்.

"பொய்ப் பேரு எதுக்குடா? நான் என்ன களவாணியா?"

அந்தப் பெயர்தான் பின்னால் அவளுக்கு வினையானது.

அந்த ஆட்டத்தில் என் வயிறு எரிகிற விஷயங்கள் நிறைய. ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் ஓய்வாக உட்காரும் நேரம் பார்த்துப் பராமரிப்பு என்று மூடுவார்கள். மிருகம் சாகப்போகிற சமயத்தில் டவர் போய்விடும். ஆனால் எல்லாவற்றையும்விட மோசமானது தாயம். பாடு விழுந்ததும் எட்டுப் பேருக்கும் ஒரு பெட்டி வரும், 'வேண்டும்', 'வேண்டாம்' என்று. வேண்டும் என்று அமுக்கினவர்களுக்குத் தாயம் உருட்டி, பெரிய எண் வந்தவனுக்குச் சாமான். இதில் ஒரு நியாயம் உண்டா? கேடயத்தை வைத்து என்ன செய்வதென்றே தெரியாத அம்புக்காரன் 'வேண்டும்' என்று அமுக்குவான். எல்லாவற்றுக்கும் அமுக்குவான். மூன்று மணி நேரம் முன்னால் நின்று அடி வாங்கியவன் நான், வெறுங்கையோடு நிற்பேன். அவன் ஒரு நன்றிகூடச் சொல்லாமல் கூட்டத்தை விட்டு ஓடிவிடுவான். தெரியாத ஆளோடு தாயத்தை நம்பிப் போகாதீர்கள்.

ஒருநாள் இப்படித்தான் ஒருத்தன் நாலு சாமானைச் சுருட்டிக்கொண்டு ஓடினான். நான் போனைச் சுவரில் அடிக்கப் போனேன். சொர்ணம் தடுத்தாள்.

"இனிமே நீங்க எல்லாரும் வேண்டாம்னு அமுக்குங்க. நான் மட்டும் வேண்டும்னு அமுக்குறேன்."

"எல்லாம் ஒனக்கா?"

"எனக்கு எதுக்கு? எங்கிட்ட வந்தா கூறு வச்சிரலாம்ல?"

இவ்வளவுதான் விஷயம். பாடு முழுவதும் அவளிடம் போகும். ஆட்டத்துக்குள் ராஜதானிச் சதுக்கம் என்று ஒரு இடம், அங்கே நின்று தான் போக மற்ற ஏழு பேருக்கும் ஏழு கூறாக எழுதுவாள். ஆடிக்கொண்டே ஒருவருக்கொருவர் பேசவும் அதில் வழி உண்டு, ஒருவர் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பேச்சில் மட்டும் இருப்பார். "இது யாருக்கு?" என்பாள். பெயர் வரும். முடிந்ததும் ஆளுக்கொரு சின்னச் சாமான், ஒரு மருந்துக் குப்பியோ பச்சிலையோ, அவளுக்குக் கொடுப்போம். கரையில் நடக்கிறதே, அதுதான். இதைக் கேள்விப்பட்டு எங்கள் கூட்டத்தில் ஆட்கள் சேர்ந்தார்கள். திருச்சி, காரைக்குடி, எங்கே இருக்கிறதென்றே தெரியாத ஊர்கள். கொடும்பாளூரிலிருந்து தேவிப்ரியா என்று ஒரு கணக்கு டீச்சர் வந்தார். மூன்று வருடத்தில் முப்பத்தொரு பேர். ஒரு சண்டை வந்ததில்லை. இத்தனை பெரிய கூட்டம் சண்டையில்லாமல் அந்த ராஜ்ஜியத்திலேயே கிடையாது என்று நான் எழுதித் தருகிறேன்.

போன ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் சொர்ணம் உள்ளே நுழையப் போனால் கதவு பூட்டியிருந்தது. 'முறைகேடான பொருள் கடத்தல் காரணமாக இந்தக் கணக்கு முடக்கப்பட்டது' என்று வந்தது. முப்பது பேரின் சாமான் மூன்று வருடமாகக் காசில்லாமல் ஒரே ஆளிடம் போகிறது, அங்கிருந்து பல பேருக்குப் போகிறது. இது சாமான் திருடி விற்கிற கும்பல் என்று மிஷின் முடிவுகட்டிவிட்டது. அதோடு விட்டார்களா? ஏமாற்றுக்காரர்கள் என்று மாதாமாதம் ஒரு பட்டியல் போடுகிறார்கள். அதில் இருட்டுச் சூரன், நெருப்பு நாகம் என்று ஆளே தெரியாத பெயர்களுக்கு நடுவில் 'ஜெகதை சொர்ணம்' என்று பளிச்சென்று ஒரு பெயர்.

இரண்டு நாளில் அது துறைமுக வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிட்டது. யாரோ படம் பிடித்துப் போட்டிருந்தார்கள். 'கூறு போடுற சொர்ணம் களவுல மாட்டிக்கிச்சு' என்று அடியில் எழுதி, சிரிக்கிற பொம்மை வேறு.

திங்கட்கிழமை கடலுக்குப் போன படகுகள் செவ்வாய் காலையில் கரைக்கு வந்தன. சொர்ணம் வழக்கம்போல் கூடையோடு போனாள். மூக்கன் ஓட்டுகிற படகின் ஓனர் வெற்றிசெல்வன் நின்றுகொண்டிருந்தான். முப்பது வயது, படித்த பையன். நான் ஐஸ் வண்டியோடு அங்கேதான் இருந்தேன்.

"சொர்ணக்கா, கொஞ்ச நாளைக்கு வேணாம்க்கா. எங்க ஆளுகளே பிரிச்சுக்கிருவாய்ங்க."

"ஏன்?"

"சும்மாதான். அங்கிட்டு இங்கிட்டு ஒரு பேச்சு ஓடுதுல்ல."

"நீ நம்புறியா?"

அவன் செருப்பால் மணலைத் தேய்த்தான். எனக்குப் பொறுக்கவில்லை.

"தம்பி, ஒனக்கு அந்த ஆட்டம் தெரியுமா?"

"தெரியாதுங்க."

"அப்பறம் எதுக்குய்யா பேசுற?"

"பட்டியல்ல பேரு இருக்குல்லங்க. கம்பெனிக்காரன் சும்மாவா போடுவான்?"

"நாளையிலேருந்து ஒன் படகுக்கு என் பிளாண்டுல ஒரு துண்டு ஐஸ் கெடையாது. மீன வெயில்ல காய வச்சுக்க."

சொர்ணம் என் கையைப் பிடித்தாள். "ஐஸ நிறுத்தி எம்பேர வாங்கித் தர வேணாம்ண்ணே. வாங்க." வெறுங்கூடையோடு நடந்தாள். அன்றைக்கு மூன்று படகில் அவளைக் கூறு போடக் கூப்பிடவில்லை. மறுவாரம் ஒருவருமே கூப்பிடவில்லை.

இதற்குப் பிறகு நான் சும்மா இருப்பேனா? பிளாண்டுக்கு மின்சாரம் வாங்குவதற்காகப் பத்தொன்பது நாள் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்தவன் நான். கம்பெனிக்கு எழுதினேன். 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்று பதில். மறுபடி எழுதினேன். அதே பதில், ஒரு எழுத்து மாறாமல். நான்கு தடவை. நாலாவது தடவை நான் வெறும் 'ஓணான்' என்று மட்டும் எழுதி அனுப்பினேன், அதற்கும் 'உங்கள் கருத்துக்கு நன்றி'! மனுஷன் இருந்தால்தானே படிப்பான்.

கடைசியில் மேல்முறையீட்டுப் படிவம் என்று ஒன்று கிடைத்தது. சொர்ணம் தேவிப்ரியா டீச்சரைக் கேட்கலாம் என்றாள். டீச்சருக்கு என்ன தெரியும், நானே எழுதுகிறேன் என்றேன். போனில் பேசினால் அதுவே எழுதும், அதுவே இங்கிலீஷிலும் மாற்றும். மார்பை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன்: 'மூன்று வருடமாக எங்கள் சாமான் முழுவதும் சொர்ணத்தின் கைக்குத்தான் போகும். ஒரு காசு வாங்காமல் நாங்களாகவே கொடுத்தோம். யாருக்கு எது என்று பிரிப்பவள் அவள்தான். முப்பத்தொரு பேரும் சாட்சி. இது எங்கள் வழக்கம், இனியும் இப்படித்தான் செய்வோம்.' அனுப்பிவிட்டு ஒரு டீ குடித்தேன்.

மறுநாளே பதில் வந்தது, இந்தத் தடவை மனுஷன் எழுதியது. தேவிப்ரியா அதைப் படித்துவிட்டு எனக்குப் போன் போட்டார்.

"ஐயா, இத யாரு எழுதினது?"

"நான்தான். எப்படி இருக்கு?"

"அவங்க சொன்ன குத்தத்த நீங்க வரி வரியா ஒத்துக்கிட்டிருக்கீங்க. 'குற்றத்தை ஒப்புக்கொண்டதால் பதினாலு நாள்ல கணக்கு நிரந்தரமா அழிக்கப்படும், பேரு பட்டியல்ல அப்படியே இருக்கும்'னு போட்டிருக்காங்க."

 சொர்ணம் வீட்டுக்குப் போனேன். தலை குனிந்து போனேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். விஷயத்தைச் சொன்னேன். அவள் திட்டுவாள் என்று பார்த்தேன்.

"உள்ளதத்தான எழுதுனீங்க? உள்ளத எழுதுனா தப்புன்னா அப்பறம் எதத்தாண்ணே எழுதறது?"

வெறுங்கூடையை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு மறுபடி சொன்னாள்:

"படிச்சா அவங்களுக்கு விளங்காது. கரையில பாத்தவனுக்கே ரெண்டு நாள் ஆகும் விளங்க. அவங்க ஆளு யாராச்சும் ஆட்டத்துக்குள்ள வருவாங்களா?"

வருவார். வெள்ளிக்கிழமை தோறும் மத்தியானம் மூன்று மணிக்குக் கம்பெனி ஆள் ஒருவர் பொன் போர்வை போர்த்திய வேஷத்தில் சதுக்கத்தில் நிற்பார். அரைமணி நேரம் கேள்விக்குப் பதில் சொல்வார். முக்கால்வாசிப் பேர் அவரைச் சுற்றி நின்று குதிப்பார்கள், அவ்வளவுதான்.

"அவரு கண்ணு முன்னாடி கூறு போடுவோம்" என்றாள்.

கணக்கு முடங்கிக் கிடப்பதால் புதிதாக ஒரு வேஷம் எடுக்க வேண்டும். தேவிப்ரியா பயந்தார். "முடக்குனதுக்கு அப்பறம் புதுசா வந்தா அதுவும் குத்தம்க்கா. புடிச்சா இதையும் அழிச்சிருவாங்க."

"எம்பேரோடதான வாரேன். மொகத்த மூடிக்கிட்டா வாரேன்?"

சொர்ணம் ஜெகதை என்று திருப்பிப் போட்டு ஒரு பெயர். முதலாம் நிலை. கையில் ஒரு குச்சி, உடம்பில் சாக்குத் துணி மாதிரி ஒரு சட்டை. மூன்று வருட உழைப்பில் எழுபத்தாறாம் நிலைக்கு ஏறினவள் அப்படி வந்து நின்றதைப் பார்த்தபோது அந்தக் கம்பெனிக்காரன் மட்டும் என் முன்னால் இருந்திருந்தால், சரி, விடுங்கள்.

வெள்ளிக்கிழமை விசைப்படகுக்குக் கடல் இல்லாத நாள். மூக்கன் இருந்தான். எட்டுப் பேர் பெரிய ஓணானை அடிக்கப் போனோம். உயிர் ஏற்ற சொர்ணம் இல்லாததால், பள்ளிக்கூடத்துக்கு அரை நாள் லீவு போட்டு வந்த தேவிப்ரியா ஏற்றினார். திருச்சிக்காரப் பையன் ஒருவன் முதல் நிமிடத்திலேயே சிவப்பு வட்டத்தில் நின்று செத்து, கடைசிவரை தரையில் கிடந்தான். நான் மட்டும் இல்லையென்றால் அன்றைக்குக் கதை முடிந்திருக்கும். இரண்டு மணி நேரம் நின்றேன், நிமிர்ந்து நின்றேன். நல்ல பாடு. ஒரு நீல வாள், இரண்டு கவசம், நான் மூன்று மாதமாகத் தேடுகிற எருமைத் தோல் கேடயம், கல், தோல், குப்பி.

சதுக்கத்தில் இருநூறு பேர் இருப்பார்கள். பொன் போர்வைக்காரர் நீரூற்று ஓரம் நின்றார். எங்கள் முப்பத்தொரு பேரும் வட்டமாக நின்றோம். சொர்ணம் நடுவில் வந்தாள்.

"எல்லாத்தையும் தரையில போடுங்க."

"அக்கா, தரையில போட்டா யாரு வேணா எடுக்கலாம்க்கா!" மூக்கன் அலறினான். அந்த ஆட்டத்தில் அப்படித்தான். தரையில் விழுந்த சாமான் எடுத்தவனுக்கு.

"கரையில மட்டும் எடுக்க முடியாதா? போடு."

போட்டோம். அவள் எட்டுக் கூறு வைத்தாள். வாள் ஒரு கூறு, ஆனால் அதோடு வேறெதுவும் இல்லை. கேடயம் ஒரு கூறு, கூட இரண்டு குப்பி. கல் எல்லாம் ஒரு பக்கம். அந்த நேரத்தில் எங்கிருந்தோ ஒரு கறுப்புச் சட்டைக்காரன் வட்டத்துக்குள் புகுந்து ஐந்தாவது கூறிலிருந்த பெரிய கல்லைப் பொறுக்கிக்கொண்டு ஓடினான். எங்கள் ஆட்கள் கத்தினார்கள். மூக்கன் துரத்தப் போனான்.

"நில்லு மூக்கா. போனது போகட்டும். அஞ்சாவது கொறஞ்சு போச்சு, இரு."

மற்ற ஏழு கூறிலிருந்தும் ஒரு துண்டு தோல், ஒரு குப்பி, ஒரு சின்னக் கல் என்று எடுத்து ஐந்தாவதில் சேர்த்தாள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பழையபடி எட்டும் எட்டாக நின்றது. அப்போதுதான் பொன் போர்வைக்காரர் குதிக்கிறவர்களை விட்டுவிட்டு எங்கள் பக்கம் நடந்து வந்தார்.

அவர் இங்கிலீஷில் கேட்டதைத் தேவிப்ரியா சொன்னார்: "இங்க என்ன நடக்குதுன்னு கேக்குறாரு."

"அவரத் திரும்பி நின்னு பேரு மட்டும் சொல்லச் சொல்லு டீச்சர்" என்றாள் சொர்ணம்.

"கம்பெனி ஆளு பங்கு பிரிக்கிறதுல கலந்துக்கக் கூடாதுங்கிறாரு."

"பங்கு யாரு குடுத்தா? அவரு ஒண்ணையும் பாக்க வேணாம், எடுக்க வேணாம். எங்க ஊருல மொதுகக் காட்டி நிக்கிறதுக்குப் படிப்புக் கேக்குறதில்லன்னு சொல்லு."

டீச்சர் அதை எப்படி இங்கிலீஷில் சொன்னாரோ தெரியாது. பிறகு பொன் போர்வை நீரூற்றைப் பார்த்துத் திரும்பியது. தேவிப்ரியா எட்டுப் பெயரையும் அவருக்கு எழுதிக் கொடுத்தார்.

இது யாருக்கு, இது யாருக்கு என்று எட்டு முறை. நீல வாள் முதல் நிமிடத்தில் செத்த திருச்சிப் பையனுக்குப் போனது. கேடயம் மூக்கனுக்குப் போனது, அவன் கேடயமே பிடிக்காத தீக்காரன். எனக்கு வந்தது ஒரு காய்ந்த தோலும் மூன்று குப்பியும். நான் வாயைத் திறக்கவில்லை. என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும். எட்டுப் பேரில் ஒருவரும் முணுமுணுக்கவில்லை. ஆளுக்கொரு பச்சிலையோ குப்பியோ சொர்ணத்தின் பையில் போட்டோம்.

பொன் போர்வைக்காரர் ஒன்று கேட்டார். இவ்வளவு பிரித்தவருக்கு இது மட்டுமா?

"பழைய கணக்கத் தொறந்து பாக்கச் சொல்லு" என்றாள் சொர்ணம். "மூணு வருசமா எங்கிட்ட வந்தத எண்ணுனாங்கள்ல. எங்கிட்ட தங்குனது என்னன்னு எண்ணுனாங்களா?"

அதைத்தான் அந்த மிஷின் பார்க்கவில்லை! அவர் அங்கேயே நின்று திறந்து பார்த்தார் போலிருக்கிறது. ஐந்து நிமிடம் சிலை மாதிரி நின்றார். அவள் பெட்டியில் இருந்தது ஆயிரக்கணக்கான பச்சிலை, மருந்துக் குப்பி, உடைந்த அம்பு முனை. ஒரு வாள் இல்லை, ஒரு நல்ல கல் இல்லை. அவர் 'பார்க்கிறேன்' என்று மட்டும் எழுதிவிட்டு மறைந்தார்.

செவ்வாய்க்கிழமை கணக்கு திறந்தது. தவறுக்கு வருந்துகிறோம் என்று ஒரு றெக்கை வைத்த வெள்ளைக் குதிரை பரிசு. எங்கள் கூட்டமே ஆடியது. ஆனால் பட்டியலில் பெயர் அப்படியே இருந்தது.

"குதிரைய யாரு கேட்டா?" என்றாள் சொர்ணம். "குதிரையக் கூறு போட முடியுமா? எம்பேர எங்க போட்டாங்களோ அங்கயே வந்து எடுக்கணும். அதுவரைக்கும் நான் உள்ள வாரதா இல்ல."

போட்ட பட்டியலைத் திருத்துவது வழக்கமில்லை என்று பதில் வந்தது. வழக்கமாம்! களங்கத்தை ஊரறியக் கொட்டுவது வழக்கம், துடைப்பது மட்டும் வழக்கமில்லையா? முப்பத்தொரு பேரும் ஆளுக்கொரு கடிதம் எழுதினோம். என் கடிதத்தை இந்த முறை டீச்சரிடம் காட்டிவிட்டுத்தான் அனுப்பினேன், அவர் முக்கால்வாசியை அடித்துவிட்டார். குதிரை கொட்டடியில் நிற்க, சொர்ணம் ஒன்பது நாள் போனைத் தொடவில்லை. கரையிலும் யாரும் கூப்பிடவில்லை. வெற்றிசெல்வன் படகில் ஆட்களே மீன் பிரித்து, ஒரு கணவாய்க்காக இரண்டு பேர் சட்டையைக் கிழித்துக்கொண்டார்கள் என்று மூக்கன் வந்து சொன்னான்.

பத்தாம் நாள் பட்டியலில் அவள் பெயரின் மேல் ஒரு கோடு. அடியில் ஒரு வரி: இவர் திருடவில்லை, தவறு எங்களுடையது. பொன் போர்வைக்காரர்தான் எழுதியிருந்தார். மூக்கன் அதைப் படம் பிடித்து அதே வாட்ஸ்அப் குழுவில் போட்டான். சிரிக்கிற பொம்மை போட்டவர்கள் ஒருவரும் பேசவில்லை. மன்னிப்பு என்று ஒரு வார்த்தை? கிடையாது. ஊர் அப்படித்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பெரிய ஓணானுக்கு முன்னால் நின்றோம். காற்று அதிகம், படகுகள் தாமதமாகத்தான் வந்துகொண்டிருந்தன. பழைய வேஷத்தில் சொர்ணம் எனக்குப் பின்னால் நின்று உயிர் ஏற்றிக்கொண்டிருந்தாள். ஓணான் பாதி உயிருக்கு இறங்கிவிட்டது. அப்போது அவள் போன் வழியாக ஒரு ஆண் குரல் கேட்டது. வெற்றிசெல்வன்.

"சொர்ணக்கா, செத்த கரைக்கு வாங்கக்கா. ஆளுக கைய வைக்க மாட்டேங்கிறாய்ங்க. நீங்க வந்தாத்தான்னு மூக்கன் மீன் மேல தார்ப்பாயப் போட்டு உக்காந்திருக்கான்."

"ஒன் ஆளுகளே பிரிச்சுக்கிருவாங்கன்னு சொன்னியே?"

"நான் சொன்னது தப்புக்கா."

"நல்லாச் சத்தமாச் சொல்லு."

"தப்புக்கா. நான் சொன்னது தப்பு."

"எத்தன ஆளு?"

"ஏழு."

டொக்கென்று ஒரு சத்தம். போனைக் கட்டிலில் போட்டுவிட்டுப் போய்விட்டாள். நான் கத்துகிறேன், "சொர்ணம், பாதி உயிருல விட்டுட்டுப் போகாத!" என்று. கத்திக்கொண்டிருக்கும்போதே வால் நெளிந்ததைக் கவனிக்காமல் விட்டேன். ஒரே அடி. எனக்குப் பின்னால் வரிசையாக எல்லாரும் விழுந்தார்கள். எண்பத்திரண்டாம் நிலை ஆள், தரையில் மல்லாந்து கிடக்கிறேன், ஓணான் என்மேல் காலை வைத்துக்கொண்டு நிற்கிறது. உயிர் ஏற்றுகிறவர் நடுச்சண்டையில் எழுந்து போகலாமா? ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகக்கூடாதா? எந்த ஊர் ஒழுங்கு இது?

கைத்தடியை எடுத்துக்கொண்டு, வலிக்கிற முழங்காலோடு, நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்று கரைக்கே போனேன். ஈரக் கையோடு குத்தவைத்திருந்தாள். ஏழு கூறில் ஆறு முடிந்திருந்தது. கேட்டேன். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"மீனு வெயில்ல கெடக்குண்ணே. ஓணான் நாளைக்கும் வரும். கொஞ்சம் தள்ளி நில்லுங்க, நெழல் கூறு மேல விழுகுது."

தள்ளி நின்றேன்.